டாடி வேறு, நைனா வேறு

அன்று மாலை சரியாக நாலு மணி பத்து நிமிஷத்துக்கு எங்கள் விஷயம் கோணிக்கொண்டது. நேரம் நினைவிருக்கக் காரணம் உண்டு. மடிக்கணினித் திரையில் அதுவரை சிரித்தபடியே இருந்த பெண்மணி, அந்த நிமிஷத்தில் சிரிப்பை நிறுத்தினார். இணையம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அவர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து.

மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டின் ஹால். நடுவில் நாற்காலி. அதில் என் மகள் தாரா, எட்டு வயசு, இரண்டு பின்னல், இஸ்திரி போட்ட சட்டை. மேஜைக்குக் கீழே கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். திரையில் இருந்தவர் கார்லா. ஜெர்மனியில் ஒரு இருமொழிப் பள்ளியில் புதிய மாணவர்களைச் சேர்க்கும் பொறுப்பு அவருடையது. என் மனைவி ரேவதி சமையலறை வாசலில், புடவைத் தலைப்பை வாயில் வைத்தபடி நின்றிருந்தாள். நான் கேமராவில் படாமல் பீரோவை ஒட்டி ஒரு ஸ்டூலில் இருந்தேன். பெற்றோர் குறுக்கிடக் கூடாது என்பது கார்லாவின் ஒரே நிபந்தனை.

அதுவரை எல்லாம் ஒத்திகைப்படி நடந்தது. பெயர், பிடித்த நிறம், பிடித்த பழம். "மை டாடி இஸ் அன் எஞ்சினியர். மை மதர் டீச்சஸ் மேத்ஸ்." ரேவதி கண்ணை மூடித் தலையாட்டினாள், பரீட்சைத் தாளில் முழு மார்க் போடுகிறவள் போல.

பிறகு கார்லா, எங்கள் ஒத்திகையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "வீட்டில் உன்னை அதிகம் சிரிக்கவைப்பது யார்?"

தாரா யோசிக்கவே இல்லை. "நைனா!"

ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. குழந்தைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நைனா யானை மாதிரி தோசை ஊற்றுவார் என்றாள். ஞாயிற்றுக்கிழமை நைனாதான் எல்லாப் பாத்திரமும் தேய்ப்பார் என்றாள். அம்மா நைனாவுக்கு ஸ்வீட் தரமாட்டாள், அதனால் நைனா கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தின்பார் என்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் நைனா ஹாலில் படுப்பார், தரையில், பாய் போட்டு.

"தினமுமா?" என்று கார்லா மெல்லக் கேட்டார்.

"அம்மாவுக்குக் கோபம் வரும்போது மட்டும்," என்ற தாரா, நியாயமாக யோசித்துவிட்டு, "அனேகமாகத் தினமும்," என்றாள்.

அப்போதுதான் மணி நாலு பத்து.

நானோ ஸ்டூலில் உட்கார்ந்து மீசைக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்த நைனா நான்தான்.

மூன்று கதவுகள்

கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

என் நிறுவனம் என்னை மூன்று வருஷத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்ப முடிவு செய்தபோது, வீட்டில் முதல் பத்து நிமிஷம் சந்தோஷம். பதினோராவது நிமிஷம் ரேவதி கேட்டாள்: "தாராவை எங்க சேக்கப் போறே?"

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் இந்தக் கேள்வியைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. ரேவதி கணக்கு டீச்சர். முடிவைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"நல்ல ஸ்கூல் கெடச்சாத்தான் நானும் அவளும் வருவோம். இல்லேன்னா நீ மட்டும் போயிட்டு வா. மூணு வருஷம் வீடியோல பாத்துக்கலாம்."

எனக்கு மூன்று வருஷம் என் பெண்ணை வீடியோவில் பார்த்துக்கொள்ளும் தெம்பு இல்லை. ஆகவே பள்ளி தேடுவது எனக்கு வாழ்வா சாவா பிரச்சினை ஆகிவிட்டது.

எங்கள் முன்னால் மூன்று கதவுகள் இருந்தன. முதலாவது, அந்த ஊர்ப் பிள்ளைகள் போகிற சாதாரணப் பள்ளி. கட்டணம் இல்லை, வீட்டிலிருந்து நடந்து போகலாம். ஆனால் எல்லாம் ஜெர்மன். இங்கே வகுப்பில் வாய் மூடாததற்காகத் தினமும் புகார் வாங்கிவரும் பெண், அங்கே ஒரு வருஷம் ஊமையாக உட்காரவேண்டும். இரண்டாவது, முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் சர்வதேசப் பள்ளி. பாடம் தடையில்லாமல் தொடரும், திரும்பி வந்தாலும் இங்கே சேர்ப்பது சுலபம். கட்டணத்தைக் கேட்டபோது அடையாறில் ஃபிளாட் விலை சொல்கிறார்களோ என்று தோன்றியது. தவிர, அங்கே பிள்ளைகள் ரயில்வே பிளாட்பாரத்தில் இருப்பது போல வருவார்கள், போவார்கள். சிநேகிதி கிடைத்த மறுவருஷம் அவள் வேறு நாட்டில் இருப்பாள். வாசலுக்கு வெளியே கடைக்காரரோடு பேசவும் வராது.

மூன்றாவது, இருமொழிப் பள்ளி. பாதி நாள் ஜெர்மன், பாதி நாள் ஆங்கிலம். குழந்தை ஒரு காலைத் தெரிந்த தண்ணீரிலும் இன்னொரு காலைத் தெரியாத தண்ணீரிலும் வைத்துக்கொள்ளலாம். கட்டணமும் நிறுவனம் தாங்கக்கூடியது. ஆனால் இடம் கொஞ்சம்தான்.

எல்லோரிடமும் ஆலோசனை கேட்டேன். ரேவதியின் அண்ணா, "திரும்பி வந்தா எந்த கிளாஸ்ல சேப்பே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காபி குடிக்கப் போய்விட்டார். என் நண்பன் சலீம்தான் ஒரு பதில் சொன்னான். அசோக் நகரில் என்னோடு படித்தவன், இப்போது பாண்டி பஜார் பக்கம் பெட்டிக் கடை, அதாவது சூட்கேஸ் பெட்டிக் கடை, வைத்திருக்கிறான்.

"தோ பாரு மச்சி, அந்தத் தெருவுல வெளாட்ற பசங்க எந்த பாஷைல சண்ட போடுதுங்களோ, அந்த பாஷை சொல்லிக் குடுக்கற ஸ்கூல்ல போடு. உன் பொண்ணுக்குப் படிப்பு தானா வந்துரும். சண்டதான் கத்துக்கணும்."

"அவளுக்கா? அவ ஏற்கெனவே அதுல டாக்டரேட்."

"அப்ப இன்னா கவல? பெரிய பெட்டி ரெண்டு எடுத்துக்கோ."

கடைசியில் மூன்றாவது கதவைத் தட்டினோம். விண்ணப்பத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்று ஒரு கட்டம். அதில் ரேவதி கூசாமல் 'ஆங்கிலம்' என்று எழுதினாள்.

"எப்பலேருந்து?" என்றேன்.

"நாளைலேருந்து," என்றாள்.

இங்கிலீஷ் ராஜ்ஜியம்

மறுநாள் முதல் எங்கள் வீட்டில் தமிழுக்குத் தடை. கறிவேப்பிலை என்று சொல்ல வாயெடுத்த நான், 'கறி லீவ்ஸ்' என்று திருத்திக்கொண்டேன். காய்கறிக்காரர், "சாருக்கு இன்னா ஆச்சு, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று ரேவதியிடம் விசாரித்தார்.

இதில் அதிகம் கஷ்டப்பட்டவள் ரேவதிதான். ஆங்கிலத்தில் திட்டு எடுபடவில்லை. "யூ ஆர் வெரி நாட்டி" என்று அவள் சொன்னதும் தாரா, "தாங்க்யூ," என்றாள். உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து அசல் மயிலாப்பூர் பாஷையில் இரண்டு வாக்கியம் திட்டிவிட்டு வந்தபிறகே அவளுக்கு மூச்சு வந்தது.

எனக்கு வந்த கஷ்டம் வேறு. என்னை இனி டாடி என்று கூப்பிடவேண்டும் என்பது உத்தரவு.

எங்கள் குடும்பத்தில் தெலுங்கு எப்போதோ போய்விட்டது. என் தாத்தா காலத்திலேயே கிளம்பிவிட்டது. கிளம்பும்போது ஒரு வார்த்தையை மட்டும் எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிற்று. நைனா. நான் என் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டேன். தாரா என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். கல்யாணமான புதிதில் ரேவதிக்கு இது பிடிக்கவில்லை. "எங்காத்துல அப்பான்னுதான் சொல்லுவோம். நைனாங்கறது ஆட்டோக்காரன் கூப்பிடற மாதிரின்னா இருக்கு?" என்றாள். குழந்தை பேச ஆரம்பித்தபோது முதலில் சொன்ன வார்த்தையே அதுவாகிவிட்டதால், வழக்கு தள்ளுபடியானது. பிறகு அவளே, "நைனாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்று குழந்தையிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

டாடி உத்தரவு வந்த முதல் நாள், தாரா "டாடி" என்றதும் நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாருமில்லை. அதன்பிறகு என் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து என் டம்ளரில் காபி குடிப்பது போல இருந்தது. மரியாதையான ஆள்தான். ஆனால் தாரா அவர்மேல் ஏறிக் குதிக்கவில்லை. யானைத் தோசை கேட்கவில்லை.

அந்தப் பயிற்சியில் இன்னொரு விதியும் இருந்தது. இங்கேதான் நாங்கள் வழுக்கினோம்.

ஒருநாள் தாரா என்னைக் குறித்து, "ஹீ இஸ் ஸ்லீப்பிங்," என்றாள். ரேவதி துடித்துப்போனாள். "அப்பாவைப் போய் ஹீங்கறதாவது! அவன், இவன்ங்கற மாதிரி. மை டாடின்னு முழுசாச் சொல்லு."

நேரில் என்னை நீ என்று கூப்பிடும் பெண், மற்றவர்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போது அவர் என்று சொல்வாள். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில்தான் இந்த 'அவர்' என்ற சொல்லுக்கு இடமில்லை. எனவே தாரா என்னைக் குறித்து 'ஹீ' என்பதை அடியோடு விட்டாள். ஒவ்வொரு வாக்கியத்திலும் முழுப் பட்டம்.

ஒரே ஒரு 'ஹீ' சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

நாலு பத்துக்குக் கார்லாவின் காதில் விழுந்தது இதுதான். இந்த வீட்டில் ஒரு டாடி இருக்கிறார், எஞ்சினியர். ஒரு மதர் இருக்கிறார், டீச்சர். இவர்கள் இருவரையும் தவிர நைனா என்று ஒருவர் இருக்கிறார். பாத்திரம் தேய்க்கிறார். தரையில் படுக்கிறார். ஒளிந்து நின்று தின்கிறார்.

மரியாதைக்குரிய 'தே'

நேர்காணல் முடிந்ததும் கார்லா நன்றி சொன்னார். முகம் வாடியிருந்தது.

"அவருக்குப் பசி நேரமா இருக்கும்," என்றேன். "அங்கே மத்தியானம் இப்பதானே."

இரண்டு நாள் கழித்து ரேவதிக்கு மின்னஞ்சல் வந்தது. அவள் உரக்கப் படித்தாள். தாரா மிகவும் துடிப்பான குழந்தை என்று ஆரம்பித்து, நைனாவைப் பற்றி அவள் பிரியமாகப் பேசியதாகவும், நைனா குறித்துச் சில விவரங்கள் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள்.

"உன்னைப் பத்தித்தான் கேக்கறா," என்றாள் ரேவதி. பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். "இதைப் பாரேன். ஹீன்னு ஒரு எடத்துல கூடப் போடலை. தே, தேன்னு எழுதியிருக்கா. மரியாதைப் பன்மை! வெள்ளைக்காராளுக்குக் கூட இதெல்லாம் இருக்கா?"

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை ஆங்கிலத்தில் இப்போது அப்படி எழுதுகிறார்கள் என்பது எனக்கும் தெரியாது. எனக்குக் கண் கலங்காத குறை. இத்தனை வருஷத்தில் யாரும் என்னைப் பன்மையில் எழுதியதில்லை. இது நல்ல பள்ளிதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"நாமும் அப்படியே பதில் போடணும்," என்றாள் ரேவதி. "அவா மரியாதையா எழுதறச்சே நாம ஹீன்னு போட்டா நன்னாவா இருக்கும்?"

பள்ளி இணையத்தில் நடத்திய அறிமுகக் கூட்டத்தில், 'குடும்பங்கள் எங்களோடு இயல்பாக, சிரித்துப் பேசவேண்டும்' என்று சொல்லியிருந்தார்கள். ரேவதி அதை மனதில் வைத்துக்கொண்டாள். அவள் தட்டச்சு செய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தேன். எங்கள் கைகளாலேயே நாங்கள் தோண்டிய குழி அது.

நைனா உங்கள் குடும்பத்தோடு எத்தனை காலமாக இருக்கிறார்? பத்து வருஷத்துக்கு மேல். வந்தபோது ஒரு வேலையும் தெரியாது. எல்லாம் நான் பழக்கியது.

நைனாவுக்குத் தனி அறை உண்டா? கிடையாது. ஹால்தான். சொன்ன பேச்சு கேட்டால் உள்ளே அனுமதி. இதற்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

வாரத்தில் ஓய்வு நாள்? ஞாயிறு. அன்று வேறு வேலை இல்லாததால் பாத்திரம், துணி, ஒட்டடை எல்லாம் அன்றுதான்.

நைனாவின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?

"இதெல்லாம் கூடக் கேப்பாளா?" என்றேன்.

"விசாவுக்கா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே ரேவதி தட்டினாள். என் பீரோவில் பத்திரமாகப் பூட்டியிருக்கிறது. கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவார்.

உங்களோடு நைனாவும் பயணம் செய்வாரா? கட்டாயம். இல்லாவிட்டால் அங்கே வீட்டு வேலை யார் செய்வது? இன்னொரு சிரிப்பு முகம்.

அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் பால்கனியில் நின்று காபி குடித்தோம். கீழ் வீட்டில் யாரோ அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கை நன்றாக இருந்தது.

அடுத்த கடிதம் மறுநாளே வந்தது. அதில் சிரிப்பு முகம் ஏதும் இல்லை. தாராவின் சேர்க்கையை நிறுத்தி வைத்திருக்கிறோம். சென்னையில் எங்களுக்கு உதவும் ஓர் அம்மையார் உங்கள் வீட்டுக்கு வந்து, அந்த இளம்பெண்ணிடம் தனியாகப் பேசவேண்டும்.

"எந்த இளம்பெண்?" என்றாள் ரேவதி.

நான் தாராவைப் பார்த்தேன். தாரா என்னைப் பார்த்தாள். முதலில் அவளுக்குத்தான் புரிந்தது. சோபாவில் விழுந்து புரண்டு சிரித்தாள். "நைனாவைப் பொண்ணுன்னு நெனச்சுண்டுட்டா! நைனா, நீ பொண்ணு! நீ வேலைக்காரி!" வடக்கே நைனா என்பது பெண்கள் பெயர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரேவதி தான் எழுதிய பதிலை மறுபடி படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவள் முகம் ஒரு படி வெளுத்தது. பாஸ்போர்ட் வரிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டு, பீரோவைப் பார்த்தாள், பிணம் அதற்குள் இருப்பது போல.

சலீமின் தீர்ப்பு

அன்றே விளக்கக் கடிதம் எழுதினேன். நைனா என்று ஒரு பெண் இல்லை, அது நான்தான், நைனா என்றால் அப்பா என்று. சான்றுக்கு என் புகைப்படம். அவசரத்தில் கிடைத்த படத்தில் நான் பனியனோடு, கையில் கரண்டியோடு இருந்தேன்.

கண்ணியமான பதில் வந்தது. விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் அம்மையார் வருவார்.

தாராவையே திரையில் பேசவைக்கலாமே என்று கேட்டிருந்தேன். குழந்தையின் பதில்கள் முன்பே சொல்லிக்கொடுத்தவை போல இருந்தன, அதனால் அது உதவாது என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான்.

பாண்டி பஜாருக்கு ஓடினேன். சலீம் ஒரு பெட்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

சொன்னேன். முழுதும் கேட்டான். எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, பெட்டி மேல் கவிழ்ந்து சிரித்தான். கடையில் பெட்டி பார்க்க வந்த ஒரு குடும்பம் பயந்து விலகி நின்றது.

"மச்சி, நெஜமாவே ஒரு பொண்ணப் பூட்டி வெச்சிகினு கீறவன் இன்னா எழுதுவான்? 'அப்டி யாரும் இல்லீங்க, அது நான்தாங்க'ன்னுதான எழுதுவான்? நீயும் அத்தயே எழுதிகீற."

"ஆனா நான்தானேடா நைனா!"

"எங்க கீது ப்ரூஃபு? ஆதார்ல போட்டுகீதா? பாஸ்போர்ட்ல போட்டுகீதா? முரளின்னுதான போட்டுகீது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன்ன நைனான்னு கூப்புட ஒலகத்துல ஒரே ஆளு. அந்தப் புள்ள வாய நீங்களே அடச்சி டாடின்னு ட்ரெயினிங் குடுத்துட்டீங்க. இப்ப அனுபவி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. என்னிடம் இருக்கும் அத்தனை அடையாள அட்டைகளிலும் இல்லாத பெயர் அது. அதைச் சொல்ல ஒரே ஒரு வாய்.

பாயை எங்கே ஒளிப்பது?

அம்மையார் முந்தின நாள் தொலைபேசியில் பேசினார். பிரேமா. அடையாறில் இருக்கிறார், பள்ளிகளில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசியது முழுவதும் ஆங்கிலம், அதுவும் ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு மடித்து வைக்கிற ஆங்கிலம். "நைனா வீட்டில் இருப்பதை உறுதி செய்யுங்கள்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. ரேவதி ஹாலில் இருந்த என் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு அலைந்தாள்.

"இதை எங்க வெக்கறது?"

"கட்டிலுக்குக் கீழ."

"அங்க பாத்தா?"

"ரேவதி, நாம கொலை பண்ணலை."

பீரோவிலிருந்து என் பாஸ்போர்ட் வெளியே வந்து, டிவிக்குப் பக்கத்தில், பொம்மைக்கு முன்னால் சுதந்திரமாக உட்கார்ந்தது. பாத்திரம் தேய்க்கும் தொட்டிப் பக்கம் நான் போகக் கூடாது என்று தடை. பேன்ட் போட்டுக்கொள்ளவேண்டும். ஒரு தட்டில் இரண்டு மைசூர்பாகு எடுத்து என் கையில் கொடுத்து, "வந்தவுடனே அவா எதிர்ல தின்னு. ஒளியாம தின்னு," என்றாள். எனக்குச் சர்க்கரை வியாதி வந்தபிறகு என் மனைவி கையால் கிடைத்த முதல் மைசூர்பாகு அது.

மிச்சம் இருந்தது தாரா.

"கண்ணா, மாமி வந்து இது யாருன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"டாடி."

"இல்லைடி செல்லம். நைனான்னு சொல்லணும்."

தாரா இடுப்பில் கை வைத்தாள். "நைனான்னு சொன்னா திட்டினே. டாடின்னு சொல்லு, டாடின்னு சொல்லுன்னு மூணு மாசமா உயிரை வாங்கினே. இப்ப நைனாவா? ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்கோ."

"தாரா…"

"எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். நான் எனக்குத் தோணினதைச் சொல்லுவேன்." போய்ப் பால்கனியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மைசூர்பாகில் பாதியை நீட்டினேன். வாங்கித் தின்றாள். எதுவும் சொல்லி என்னைக் கூப்பிடவில்லை.

அம்மையார் சொன்ன நேரம் கடந்தது. கீழே எட்டிப் பார்த்தால், ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒருவர் எங்கள் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தார். வாட்ச்மேனின் குரல் மேலே கேட்டது.

"எந்த நைனா மேடம்? இங்க எல்லாரும் நைனாதான்."

வந்தவர்

கதவைத் திறந்தேன். மெலிந்த உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. வரவேற்க நான் வாயைத் திறப்பதற்குள் என் கைக்குக் கீழே புகுந்து தாரா முன்னால் வந்து நின்றாள். ஒத்திகை பார்த்த அதே குரலில், "குட் மார்னிங், மேம். ப்ளீஸ் கம் இன். திஸ் இஸ் மை டாடி," என்றாள்.

எனக்குப் பின்னால் ரேவதி சுவரைப் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"டாடியா? ரொம்ப சந்தோஷம்," என்றார் பிரேமா, இந்த முறை தமிழில். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஆனா நான் பாக்க வந்தது நைனாவை."

நான் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போலக் கையைத் தூக்கினேன். இன்னொரு கையில் மைசூர்பாகுத் தட்டு.

"நீங்களா? சரி. தனியாப் பேசணும்."

சமையலறைக்குப் போனோம். கதவைச் சாத்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாரத்துல லீவு உண்டா?"

"இல்லீங்க."

"சம்பளம்?"

"வந்த உடனே அவங்க கணக்குக்குப் போயிடும்."

"தரையில படுக்கறது?"

"முதுகுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார்," என்றேன், வீட்டு மானத்தைக் காப்பாற்ற.

"கோவிச்சுக்கிட்டு எங்கேயாவது ஓடிப்போகணும்னு தோணியிருக்கா?"

"பாஸ்போர்ட் இல்லாம எங்கீங்க ஓடறது?"

அவர் உதடு துடித்தது. கதவைத் திறந்து வெளியே வந்தவர், சோபாவில் உட்கார்ந்து ரேவதியைத் தேடிப் பார்த்தார். ரேவதி, தன் வகுப்பில் கடைசி பெஞ்சில் நிற்பவள் போல நின்றிருந்தாள்.

"நான் பொறந்து வளந்தது ராயபுரம்," என்றார் பிரேமா. "எங்கப்பாவை நான் எப்படிக் கூப்பிட்டேன்னு நெனைக்கறீங்க? கார்லா எனக்கு உங்க பதிலை அனுப்பின அன்னிக்கே சொல்லிட்டேன், அந்தப் பொண்ணுக்கு மீசை இருக்கும்னு."

"அப்ப ஏன் மேடம் வந்தீங்க?" என்று ரேவதி ஈனக் குரலில் கேட்டாள்.

"கார்லா, நேர்ல பாத்துச் சொன்னாத்தான் ஃபைலை மூடுவேன்னா. அவ வேலை அது, தப்பில்ல. எனக்கும் பாஸ்போர்ட்டைப் பூட்டி வெச்சிருக்கற அந்த அம்மாவைப் பாக்கணும்னு ஆசை." சிரித்துவிட்டார். "இடம் உண்டு. ஆனா ஒரு திருத்தம். வீட்ல பேசற மொழின்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அதை மாத்துங்க. ரெண்டு மொழி அங்க சொல்லித் தருவாங்க. மூணாவது இந்தக் குழந்தை கூடவே வரணும்னு சொல்றாங்க. அது இல்லாத குழந்தை முதல் வருஷம் ரொம்பத் தவிச்சுப் போகுமாம்."

ரேவதி தலையை வேகமாக ஆட்டினாள். மூன்று மாதமாக அடக்கி வைத்த மயிலாப்பூர் மொத்தமும் அவள் தொண்டைக்கு வந்து நின்றது தெரிந்தது. "நான் உங்களுக்குக் காபி கலந்துண்டு வரேன் மாமி," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

பிரேமா தாராவைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நீ சொல்லு. டிக்கெட் மூணுதாமே. உனக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. மூணாவது யாருக்கு? டாடிக்கா, நைனாவுக்கா?"

தாரா என்னைப் பார்த்தாள். நான் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். ஜெர்மனி, பள்ளி, வேலை எல்லாம் எங்கோ போய்விட்டன. அந்த வாய் என்ன சொல்லப்போகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவள் அவசரப்படவில்லை. தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"டாடி இங்கயே இருக்கட்டும்," என்றாள். "யாராவது வீட்டைப் பாத்துக்கணுமே."

பிரேமா மேடம் என் தட்டிலிருந்து கடைசித் துண்டு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். தொலைபேசியில் கேட்ட இஸ்திரி ஆங்கிலம் மட்டுமல்ல, இப்போது அடையாறும் காணவில்லை. ராயபுரம் மட்டும் எங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தது.

"அப்ப இன்னா நைனா, பாத்துகினு நிக்கிற?" என்றார். "சாவிய டாடியாண்ட குடுத்துட்டு, பொட்டியத் தூக்கிக்கினு கெளம்பு."